முகப்பில் ஒரு கேள்வி

பேசக் கூடாது. இருமக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது, விரல் சரியான இடத்துக்குப் பக்கத்தில் போகும்போது என் முகம் மலர்ந்துவிடக் கூடாது. இந்தச் சட்டத்தையெல்லாம் போட்டவளே நான்தான், இப்போது என் வாய்க்கு நானே பூட்டுப் போட்டுக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே மேஜையில் சண்முகக்கனியம்மா. கீழே மருந்து வாங்குகிற இடத்தில் பிரஷர் மாத்திரைக்குக் காத்திருந்தவரை என்னோடு வேலை பார்க்கிற ஹாஜிராதான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தாள், நம்ம ஆஸ்பத்திரிக்குப் புது வெப்சைட் செய்றோம்மா, நீங்க போன்ல தேடிப் பாருங்க, நாங்க பாத்துக்கிட்டு இருப்போம், அவ்வளவுதான் என்று. பரீட்சையா என்று கேட்டிருக்கிறார். பரீட்சை எங்களுக்குத்தாம்மா என்று இவள் சொல்லியிருக்கிறாள். நல்ல பதில், எனக்குத் தோன்றியிருக்காது. மேஜையில் இருக்கும் போனில் புது வெப்சைட், அதே படம் சுவரில் இருக்கிற டிவியிலும் தெரிகிறது, அவர் எதைத் தொட்டாலும் எங்களுக்கும் தெரியும். எனக்குப் பக்கத்து நாற்காலியில் மேனேஜர் வைரவன் சார், கிராம்பு வாசனையோடு. அவர் நேற்றே சொல்லிவிட்டார். "நானும் வந்து உக்காருறேன் பியூலா. வர்ற ஆள் என் கண்ணு முன்னால கண்டுபிடிச்சா உங்க கேள்வி முகப்புல இருக்கட்டும். இல்லேன்னா அந்த இடத்துல வெள்ளி விழாப் படம். சரிதானே?" சரிதான் சார் என்று நானும் சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன். ஹாஜிரா சோதனையை ஆரம்பிக்கிறாள். "அம்மா, இப்படி வச்சுக்குவோம். உங்க வீட்டுல ஒருத்தருக்குத் திடீர்னு வாய் ஒரு பக்கமா கோணிப்போச்சு. கையைத் தூக்க முடியல. என்ன செய்யணும்னு இதுல எங்க பாப்பீங்க?" சண்முகக்கனியம்மா போனைக் கீழே வைத்துவிட்டார். "யம்மா, வாய வச்சு அப்படிச் சொல்லாத. எங்க வீட்டுல வேண்டாம். பக்கத்து வீட்டுலன்னு வச்சுக்கிடுவோம்." கொஞ்சம் யோசித்து, "பக்கத்து வீட்டுலயும் வேண்டாம், பாவம். யாருக்கோன்னு வச்சுக்கோ" என்றார். யாருக்கோ. சரி, யாருக்கோ என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டிலும் அது வருவதற்கு முந்தின நிமிஷம்வரை அது யாருக்கோ வருகிற ஒன்றாகத்தான் இருந்தது.

விரல் போகிறது. முகப்பில் மேலே, உடம்புக்கு முடியாதவர்கள் தொடுவதற்கென்று நான் வைத்த கேள்வி இருக்கிறது, அதைத் தாண்டிக் கீழே போகிறது, போகட்டும், பதறாதே, திரும்பி வருவார், வந்துவிட்டது, இல்லை, நின்றுவிட்டது. உள்நோயாளிகள். அதைத் தொட்டுவிட்டார். ஏன் அதைத் தொட்டீங்கன்னு சொல்லிக்கிட்டே செய்ங்கம்மா என்கிறாள் ஹாஜிரா. "இதென்ன கேள்வி, வாய் கோணுறது வெளியில தெரிஞ்சாலும் நோவு உள்ளுக்குள்ளதான இருக்கு? சொறி, செரங்கு, வெட்டுக்காயம்னா புறநோய். இது உள்நோய்." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார், சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்பதுபோல. நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது, சர்ச்சில் சிரித்துவிட்டு வெளியே போனவள் நான். ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை, அவர் சொல்வதில் என்ன தப்பு? உள் என்றால் உள்ளே, புறம் என்றால் வெளியே, நடுவில் நோய் என்று ஒட்டிவைத்திருக்கிறோம், படுக்கை போட்டுத் தங்குகிறவர் என்றும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் என்றும் அதில் எங்கே எழுதியிருக்கிறது? இத்தனை வருஷமாக இந்தப் போர்டுக்குக் கீழேதான் நடந்து போகிறேன், வருகிறேன், எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. சொறியோடு வந்தவர்கள் எல்லாரும் தற்செயலாகச் சரியான இடத்துக்குப் போயிருப்பார்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்? இப்போது அவர் முன்னால் அறை வாடகை விரிகிறது, பார்வையாளர் நேரம், துணைக்கு ஒருவர் மட்டும் தங்கலாம், பிளாஸ்க் கொண்டு வரலாம். "இதுல ரூமப் பத்திப் போட்டிருக்காவ. வாய் கோணுனவருக்கு ஏசி ரூம் எதுக்கு?" என்கிறார். எனக்கு எழுந்து போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. சரியாகத் தொட்டவர்கள் யாரும் எனக்கு இவ்வளவு சொல்லித் தந்ததில்லை. நாளைக்கு முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும், தங்கிப் பார்க்க, பார்த்துவிட்டுப் போக, அப்படி ஏதாவது. மாற்ற வேண்டும் என்று வைரவன் சாரிடம் கேட்க நாளைக்கு எனக்கு முகம் இருந்தால். வைரவன் சார் பேனாவைத் திறந்து மூடுகிறார், திறந்து மூடுகிறார்.

எங்கள் வீட்டில் அது வந்த அன்றைக்கு ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் செல்வின் ரசம் கேட்டார், ரசம் என்று கேட்கவில்லை, ரழம் என்றார், நாக்கு குழறிப் பேசுகிற என் அத்தையைப் பரிகாசம் பண்ணுகிறார் என்று நினைத்து, போதும் உங்க கேலி என்று கரண்டியை நீட்டினேன். தட்டு சரிந்தது. வாயோரம் ரசம் ஒழுகியது, அவருக்கு அது தெரியவே இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்கள் பித்தம் என்றார்கள், கொஞ்சம் சாய்ந்து படுக்கட்டும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றார்கள், நல்ல மனசோடுதான் சொன்னார்கள், தலையணையைக்கூட அவர்கள்தான் எடுத்து வந்தார்கள். நான் போனை எடுத்து வாய் கோணல் என்று அடித்தேன். வேறு என்ன அடிப்பேன், எனக்கு அப்போது அதன் பெயர் தெரியாது. எந்த ஊரிலோ இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியின் பக்கம் வந்தது. முதல் வரியில் டாக்டர் படம் இல்லை, விருது இல்லை, நிறுவனர் இல்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா, கையைத் தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா, படுக்க வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள் என்று இருந்தது. அவ்வளவுதான். தலையணையைத் தள்ளிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். இங்கேதான் கொண்டு வந்தேன், நான் வேலை பார்க்கிற இதே ஆஸ்பத்திரிக்கு, எங்கள் சொந்த வெப்சைட்டில் அப்படி ஒரு வரி இல்லாத காலம் அது. சரியான நேரத்துல கொண்டுவந்தீங்கம்மா என்று டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை, வராந்தாவில் நின்று மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். யார் நீ? யார் அந்த வரியை முதலில் வைத்தது? உனக்கும் ஒரு மேனேஜர் இருந்திருப்பாரே, விழாப் படம் ஒன்று கையில் வைத்துக்கொண்டு, அவரிடம் எத்தனை தடவை மல்லுக்கு நின்றாய்? வாய் கோணல் என்று எழுதினால் கவுரவமாக இல்லை என்று உன்னிடமும் சொல்லியிருப்பார்களே. அந்தப் பக்கத்தில் எவர் பெயரும் இல்லை. கருத்துகளை எழுதவும் என்று இருந்த பெட்டியில், நீங்கள் வைத்த வரியால் என் கணவர் பிழைத்தார், அதை வைத்தவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள் என்று எழுதி அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் குழு விரைவில் தொடர்புகொள்ளும் என்று உடனே பதில் வந்தது. குழு இன்றுவரை தொடர்புகொள்ளவில்லை. பரவாயில்லை. நான் தினமும் காலையில் ஜெபத்தில் அந்த ஆளையும் சேர்த்துக்கொள்கிறேன், பெயர் தெரியாததால், அந்த வரியை வைத்தவர் என்று மட்டும் சொல்கிறேன், கர்த்தருக்குத் தெரியாதா என்ன.

"துறைகள்னு ஒண்ணு இருக்கு, அதுல பாக்கேன்" என்கிறது குரல். அய்யோ அது வேண்டாம். அந்தப் பட்டியல் வைரவன் சார் பெற்ற பிள்ளை மாதிரி. இதயவியல், நரம்பியல், சிறுநீரகவியல், இரைப்பை குடலியல், ஒரே வியலாக இருக்கும், ஒவ்வொரு துறைத் தலைவருக்கும் தன் துறை மேலே இருக்க வேண்டும், அகர வரிசையில் போட்டு அந்தச் சண்டையை ஓயவைத்ததே பெரும்பாடு. டாக்டர்களுக்கு அதுதான் வீடு, யார் எந்த அறையில் என்று அவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிறவருக்கு எல்லாக் கதவும் ஒன்றுபோல. "நரம்பியல்" என்று வாசிக்கிறார், விரல் அதன்மேலேயே நிற்கிறது, இப்போது தொட்டால் அந்த வழியிலும் போகலாம், சுற்று வழிதான், ஆனால் போய்ச் சேரலாம். "நரம்புன்னா எங்க அக்காவுக்குக் காலுல சுருட்டிக்கிட்டு கெடக்கே, அது. இது அது இல்ல." தாண்டிவிட்டார். வைரவன் சார் மூச்சை விடுவது கேட்கிறது. அவர்மேல் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது, வந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும். செல்வின் படுக்கையில் கிடந்த மாதங்களில் வீட்டிலிருந்தே வேலை பாருங்க, யாராச்சும் கேட்டா நான் பேசிக்கிடுதேன் என்று சொன்ன மனுஷன். அவர் வீட்டம்மா தூக்குச்சட்டியில் சூப் அனுப்பியிருக்கிறார், ஒரு தரம் இல்லை. அந்த மாதங்களில்தான் இந்த வேலையை வீட்டுத் தரையில் வைத்துச் செய்தேன். வெப்சைட்டில் இருக்க வேண்டிய ஒவ்வொன்றையும் ஒரு துண்டு அட்டையில் எழுதி, எது எதோடு சேரும் என்று பரப்பிவைப்பேன். செல்வினுக்குப் பேச்சு திரும்பிக்கொண்டிருந்த நேரம், வார்த்தை தொண்டைவரை வந்து வேறு வார்த்தையாக வெளியே விழும். சாவி வேண்டும் என்றால் பூட்டு என்பார், இல்லை என்று தனக்கே தெரியும், கையை ஆட்டுவார், கதவு, திற, தொங்கும் என்று அக்கம்பக்கத்து வார்த்தைகளை எல்லாம் தட்டிப் பார்த்து, கடைசியில் சாவி என்று வரும்போது ரெண்டு பேருக்கும் வேர்த்திருக்கும். அவரிடம் அட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னேன், கைக்கும் பயிற்சி, வாய்க்கும் பயிற்சி. பிரசவம் என்ற அட்டையையும் கேண்டீன் என்ற அட்டையையும் சேர்த்து வைத்தார். இது இங்கே வராதுங்க என்று பிரித்தேன். மறுபடி சேர்த்தார். பிரித்தேன். சேர்த்துவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்து, "நான்... அங்க. டீ. பாப்பா" என்றார். எங்கள் மகள் பிறந்தபோது அவர் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார், அங்கே வந்துதான் சொன்னார்கள். நோய் அவரிடமிருந்து என்னவெல்லாமோ எடுத்துக்கொண்டது, அதை விட்டுவைத்திருந்தது. பிரசவத்துக்கு வருகிறவர்கள் பக்கத்தில் கேண்டீன் எங்கே, எத்தனை மணிவரை என்று ஒரு வரி சேர்த்தேன். இன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு அப்பன் டீ குடிக்கப் போவான், செல்வின் சொல்லித்தான் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும், எனக்குத் தெரியும், போதும்.

மடியில் இருக்கிற பையில் ஏதோ அதிர்ந்ததுபோல இருந்தது. என் போனா? இல்லை. அதிர்ந்த மாதிரிதான் இருந்தது. எடுத்துப் பார்க்கக் கூடாது, அதுவும் நான் போட்ட சட்டம். செல்வின் வீட்டில் தனியாக இருக்கிறார், மகள் காலேஜிலிருந்து வர மூன்றரை ஆகும், இன்னொரு தரம் வந்தால் முதல் தரத்தைப்போல இருக்காது என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள், மாத்திரை போட்டாரா, சொல்லிவிட்டுத்தான் வந்தேன், சொன்னேனா? சொன்னேன். டப்பாவில் காலை என்று எழுதின கட்டத்தில் வைத்துவிட்டு வந்தேன். விழுந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவார், கூப்பிட்டு என்ன வார்த்தை சொல்வார், பூட்டு என்று சொன்னால் யாருக்குப் புரியும்? போதும் பியூலா, நிறுத்து, டிவியைப் பார். டிவியில் முகப்பு வந்துவிட்டது, சண்முகக்கனியம்மா திரும்பி முதலுக்கே வந்துவிட்டார், என் கேள்வி அவர் விரலுக்கு மேலே ஒரு இஞ்சு தூரத்தில் இருக்கிறது. என்ன செய்கிறது? நான் எழுதினபோது அது அப்படி இல்லை. என்ன செய்யுது என்றுதான் எழுதினேன். உடம்பு சரியில்லை என்று ஒருவர் சுருண்டு படுத்தால் அம்மாவும் அதைத்தான் கேட்பாள், ஆட்டோக்காரரும் அதைத்தான் கேட்பார், வழியில் போகிறவரும் கேட்பார். தொட்டால் கீழே வாய் கோணல், நெஞ்சு வலி, மூச்சு முட்டுது, பாம்பு கடிச்சிட்டு, பிள்ளை எதையோ முழுங்கிட்டு என்று விரியும். "ஆஸ்பத்திரி வெப்சைட்ல பேச்சுத்தமிழா? ஒரு கவுரவம் வேண்டாமா?" என்றார் வைரவன் சார். கேள்வியையே எடுக்கச் சொல்லாமல் விட்டாரே என்ற சந்தோஷத்தில் செய்யுதுவைச் செய்கிறது ஆக்கினேன். ஒரு எழுத்து, ரெண்டு எழுத்து, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். "என்ன செய்கிறது" என்று பள்ளிக்கூடத்துப் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தார் சண்முகக்கனியம்மா. "இது ஆஸ்பத்திரி என்னென்ன செய்துன்னு போட்டிருக்காவ. இலவச முகாம், கண்தானம், அதெல்லாம் இருக்கும். அது நமக்கு வேண்டாம்." விரல் இறங்கிவிட்டது. நானே வைத்த கேள்வி, அதற்கு நானே ஜரிகை வேட்டி கட்டிவிட்டு யாருக்கும் அடையாளம் தெரியாமல் பண்ணிவிட்டேன். சொல்லிவிடலாமா? அம்மா, அது உங்களைத்தான் கேட்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அவர் கண்டுபிடித்ததாக ஆகாது, நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதாக ஆகும், நாளைக்கு வீட்டில் தலையணையோடு நிற்கிற ஒருத்திக்கு நான் பக்கத்தில் இருந்து சொல்ல முடியாது. வெள்ளி விழாப் படத்தில் யார் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், குத்துவிளக்கு இருக்கும், பொன்னாடை இருக்கும், அதைத் தாண்டிக் கீழே இறங்க எத்தனை தரம் விரலைத் தள்ள வேண்டும். "போதும்மா, எனக்கு இது சரிப்படாது. பக்கத்துல படிச்ச பிள்ளையளக் கேட்டுக்கிடுவேன்" என்று போனைத் தள்ளிவைக்கிறார் அவர். ஹாஜிரா என்னைப் பார்க்கவில்லை, நல்ல பிள்ளை, பார்த்திருந்தால் நான் உடைந்திருப்பேன். "ஒண்ணும் அவசரமில்லம்மா. மாத்திரைக்கு இன்னும் கூப்பிடல. கடைசியா ஒரு தரம் பாக்கீங்களா?" என்று மட்டும் கேட்கிறாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். போனைக் கையிலெடுத்துக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறார். நான் என் விரல்களைப் பார்க்கிறேன், டிவியைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. "ஏம்மா, இதுக்குப் பொறத்தால கேள்விக்குறி போட்டிருக்கே. யாரு யார்ட்ட கேக்குறது?" ஹாஜிரா சட்டப்படி, "உங்களுக்கு என்ன தோணுது?" என்கிறாள். "எனக்கு என்ன தோணுது. என்ன செய்கிறது. என்ன... செய்யுது." நிறுத்திவிட்டார். மறுபடி அவருடைய சொந்தக் குரலில் மெதுவாக, யாரோ படுத்திருக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்பதுபோல, "என்ன செய்யுது?" என்றார். அப்புறம் சிரித்தார். "ஆஸ்பத்திரியே நம்மட்ட கேக்குதோ?" தொட்டார். விரிந்தது. "அதான பாத்தேன், இந்தா கெடக்கு, வாய் கோணல்" என்று அதையும் தொட்டார், வீட்டு அலமாரியில் கைவைக்கிற சுவாதீனத்தோடு. நான் நிமிர்ந்தபோது டிவி கலங்கித் தெரிந்தது. ஊர் தெரியாத, பெயர் தெரியாத அந்த ஆளே, உன் வரி இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது, உனக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் இத்தனை நாள் கையில் வைத்திருந்ததை இந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டேன், நன்றி, நன்றி. அவர் சத்தமாக வாசித்துக்கொண்டு போகிறார், கையைத் தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா, காத்திருக்க வேண்டாம், இப்போதே கூப்பிடுங்கள். "கூப்பிடவா?" ஹாஜிராவுக்குப் பழக்கதோஷம், "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்ங்கம்மா" என்றுவிட்டாள். சிவப்புப் பட்டையில் விரல் அழுந்திய பிறகுதான் அவளுக்கும் எனக்கும் உறைத்தது, அது சோதனைக்காகப் போட்ட பொய் நம்பர் இல்லை, அசல் நம்பர், கீழே அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கிற போன். எழுந்துவிட்டேன். அதற்குள் அங்கே எடுத்துவிட்டார்கள், ஒரு மணி முழுதாக அடிப்பதற்குள், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சிஸ்டரின் குரல், "எமர்ஜென்சி, சொல்லுங்க, யாருக்கு என்ன செய்யுது?" சண்முகக்கனியம்மா திகைத்துப்போய் போனையே பார்க்கிறார். வைரவன் சார் பேனாவை மூடி சட்டைப் பையில் குத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே, "செய்யுதுன்னே போட்ருங்க பியூலா" என்றார். "ஹலோ, பயப்படாம சொல்லுங்க, யாருக்கு என்ன செய்யுது?" என்று மறுபடி கேட்கிறது அந்தக் குரல், அவசரப்படாமல், வைத்துவிடாமல். சண்முகக்கனியம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "யாருக்கும் ஒண்ணும் செய்யலம்மா" என்றார். "எல்லாரும் நல்லா இருக்கோம்." திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். "அப்படியே இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள் அந்த சிஸ்டர்.